ஜெரேனியம் பாடிய வெள்ளிக்கிழமை

1998 பிப்ரவரி 3, செவ்வாய்

தொண்டையின் பாதுகாவலரான புனித பிளாஸ் திருநாள். காலைத் திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தை இரு மெழுகுவர்த்திகளைக் குறுக்காகப் பிடித்து ஒவ்வொருவர் கழுத்திலும் வைத்து ஆசீர்வதித்தார். எழுபத்தாறு வயதில் என் தொண்டைக்கு ஆசீர் எதற்கு? எதிரே அமர்ந்து கேட்க ஆளில்லாத வீட்டில் அது தேயாமலேயே இருக்கிறது. இருந்தும் வரிசையில் நின்றேன். இலவசமாக வரும் அருளை வேண்டாமென்று சொல்வது அகந்தை.

வீடு திரும்பியதும் தொலைபேசி. மாட்ரிட்டிலிருந்து தங்கை.

"அக்கா, நான் ஊருக்கு வரேன்."

"யாரு செத்துட்டா?" என்று கேட்டேன். கடைசியாக அவள் வந்தது அம்மாவின் அடக்கத்துக்கு.

"யாரும் சாகல. பெரிய வெள்ளிக்கு நம்ம பால்கனிலேருந்து மாதாவுக்குப் பாடப் போறேன். டிவில நேரடியா காட்டறாங்க. சபைத் தலைவரே கேட்டாரு."

"மாதா கேட்டாளா?"

"உனக்கு வாய் மட்டும் குறையவே இல்லக்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பிப்ரவரி 5, வியாழன்

வியாகுல மாதா சபையின் தலைவர் டான் பல்தோமெரோ வந்தார். ஊரின் மிகப் பெரிய பன்றித்தொடைக் கடை அவருடையது. நல்ல மனிதர், உப்பிட்டுத் தொங்கவிட்ட தொடைகளுக்கு நடுவே வாழ்ந்து தாமும் அவற்றின் நிறத்தை அடைந்துவிட்டார்.

"டீச்சரம்மா, இது நம்ம ஊருக்கே பெருமை! எஸ்த்ரெல்யா புலீதோ, அவங்க பிறந்த வீட்டு பால்கனிலேருந்து! ஸ்பெயின் பூரா பாக்கப் போவுது!"

எஸ்த்ரெல்யா புலீதோ. அந்தப் பெயரில் எனக்குத் தங்கை எவளும் இல்லை. ஞானஸ்நானத் தொட்டியருகே எட்டு வயதில் நான் நின்று பார்த்தபோது அவளுக்கு இட்ட பெயர் எஸ்கொலாஸ்திகா. வீட்டில் திக்கா. இசைத்தட்டுக் கம்பெனிக்காரன்தான், "இந்தப் பேரை எழுதினா தட்டுல பாட்டுக்கு இடம் இருக்காது" என்று சொல்லி அவளை எஸ்த்ரெல்யா, அதாவது விண்மீன், ஆக்கினான்.

பதினேழு வயதில் வானொலிப் போட்டியில் வென்று போனவள். பிறகு ஐம்பது ஆண்டுகள், பதினோரு திரைப்படங்கள், இரண்டு கணவர்கள். முதலாமவன் காளைச்சண்டை வீரன். காளையைக் கண்டால் ஓடுவான், பெண்களைக் கண்டால் ஓடமாட்டான். இரண்டாமவன் அர்ஜென்டினாப் பல்மருத்துவன். அந்த மணவாழ்வில் இன்று எஞ்சியிருப்பவை அவன் கட்டிய பற்கள். உறுதியான வேலை.

பாடல்களோ, எல்லாமே ஒரே பாடல்தான். ஒருத்தி துறைமுகத்தில் காத்திருக்கிறாள். அரை நூற்றாண்டாகக் கப்பல்காரன் வரவில்லை. இவளும் வேறு வேலை தேடவில்லை. ஆனால் அந்தக் குரல்! லத்தீன் இலக்கணத்தை முப்பத்தெட்டு ஆண்டுகள் போதித்துக் கல்லாகிப்போன என்னையே அது வானொலிப் பெட்டியருகே நிற்க வைத்தது. கரண்டியும் கையுமாக. குழம்பு அடிப்பிடித்தது. அதை அவளிடம் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன், அவளைப் புகழ வேறு நாற்பது இலட்சம் பேர் இருக்கிறார்கள்.

பல்தோமெரோ எழும்போது மெதுவாகச் சொன்னார்: "எதிர்வீட்டு ஜசிந்தாகிட்ட மட்டும் கொஞ்சம் பேசணும். இந்த வருஷம் அவங்க பாட வேணாம்னு..."

"நீங்களே பேசுங்க" என்றேன். ஒவ்வொரு பெரிய வெள்ளியும் சப்பரம் எங்கள் தெருவில் நிற்கும்போது, எதிர் ஜன்னலிலிருந்து பாடுபவள் மீன்கடை ஜசிந்தா. அப்படிப்பட்டவளிடம் வாயை மூடச் சொல்லப் பன்றித்தொடை வியாபாரிக்கே துணிவில்லை.

பிப்ரவரி 25, சாம்பல் புதன்

மண்ணாயிருக்கிறாய் என்று நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வந்தால், வாசலில் பெட்டிகள். எண்ணவில்லை, எண்ணினால் பொறாமை என்னும் பாவம் சேரும். கூடவே பெர்மின் என்னும் நிர்வாகி. வடக்கத்தியான். தலைமயிரை எண்ணெயால் ஒட்டவைத்து, கையடக்கத் தொலைபேசியை இடுப்பில் கைத்துப்பாக்கிபோல் செருகியவன்.

திக்கா என்னைக் கட்டிக்கொண்டாள். அறுபத்தெட்டு வயது. பத்திரிகைகளில் ஐம்பத்தொன்பது. முகத்தை இழுத்துக் காதுக்குப் பின்னால் கட்டியிருக்கிறார்கள். சிரித்தால் புருவமும் சேர்ந்து ஏறுகிறது.

"எப்படி இருக்கேன்க்கா?"

"ஆச்சரியப்பட்ட மாதிரி இருக்கே."

சிரித்தாள். அந்தச் சிரிப்பு மட்டும் பழையது.

மார்ச் 8, ஞாயிறு

பார்க்க வருகிறவர்களுக்குக் கணக்கில்லை. ரொட்டிக்கடைக்காரர் மனைவி, மருந்துக்கடைக்காரர், பங்குத்தந்தைகூட. எல்லோரும், "ஒரே ஒரு வரி" என்கிறார்கள். திக்கா கையைத் தொண்டையில் வைத்து, "குரலுக்கு ஓய்வு குடுத்திருக்கேன்" என்று பெர்மின் எழுதிக்கொடுத்ததுபோல் சொல்கிறாள். வந்த நாளிலிருந்து ஒரு முணுமுணுப்புக்கூட நான் கேட்கவில்லை. சிறுவயதில் காய்ச்சலோடு கிடந்தாலும் பாடிக்கொண்டேதான் கிடப்பாள். அப்பா செருப்பை எறிவார்.

எனக்கு ஏதோ உறுத்துகிறது. பெர்மின் இன்று பால்கனியில் இருந்த ஜெரேனியத் தொட்டிகளை அளந்துகொண்டிருந்தான். அளவுநாடா கொண்டு. பூந்தொட்டியை எதற்கு அளக்க வேண்டும்?

மார்ச் 19, வியாழன்

அம்மா செய்வதுபோல் ரொட்டித் துண்டுகளைப் பாலில் ஊறவைத்துப் பொரித்துத் தேனில் போட்டேன். திக்கா நின்றபடியே நான்கு தின்றாள். பிறகு, விரலை நக்கிக்கொண்டே, மழை வரும்போல் இருக்கிறது என்று சொல்கிற தொனியில் சொன்னாள்:

"நான் ஏழு வருஷமா வாயைத்தான் அசைக்கிறேன்க்கா."

எனக்குப் புரியவில்லை.

"மேடையில. டேப் ஓடும். பழைய டேப். நான் கையை ஆட்டுவேன், கண்ணை மூடுவேன், மூச்சு வாங்குவேன். மூச்சு வாங்கறது மட்டும் நிஜம்."

"குரல்?"

"போயிடுச்சு. டாக்டர் ரெண்டு தடவை அறுத்தாரு. இப்ப பாடினா கதவு கீல் மாதிரி கேக்குது."

"யாருக்குத் தெரியும்?"

"பெர்மினுக்கு. டேப் போடறவனுக்கு. இப்ப உனக்கு."

இலையுதிர் காலத்தில் மெக்ஸிகோ, அர்ஜென்டினா, சிலி என்று விடைபெறும் சுற்றுப்பயணம் ஏற்பாடாகியிருக்கிறது. இது வெளியே தெரிந்தால் அதுவும் போச்சு, ஐம்பது ஆண்டுப் பேரும் போச்சு. "எல்லாப் பாட்டும் பொய்யின்னு ஆக்கிடுவாங்க. முதல் நாப்பத்துமூணு வருஷமும் சேத்து" என்றாள்.

"அப்ப பெரிய வெள்ளிக்கு எப்படிப் பாடுவே?"

பால்கனிப் பக்கம் பார்த்தாள். அளவுநாடா நினைவுக்கு வந்தது. ஜெரேனியத்துக்குப் பின்னால் ஒலிபெருக்கி!

என்ன சொன்னேன் என்று முழுதாக நினைவில்லை. கத்தினேன். மேடை உன் கடை, அங்கே எதை வேணா வித்துக்கோ. இது ஜெபம்டீ. தாய் முன்னால நின்னு டேப் போடுவியா? மகனைப் பறிகொடுத்தவ முன்னாடியா?

அவளும் கத்தினாள். கதவு கீல் என்றாளே, கத்தும்போது அப்படித்தான் கேட்டது.

"வருஷா வருஷம் மாதாவுக்குப் பட்டு மாத்தறியே, உள்ள இருக்கறது கட்டைதானே? அதை யாருக்காவது காட்டறியா நீ?"

இந்தக் கேள்விக்கு இறையியலில் பதில் இருக்கிறது. அதைத் தேடி எடுப்பதற்குள் அவள் அறைக்குள் போய்விட்டாள்.

மார்ச் 20, வெள்ளி

பேசிக்கொள்ளவில்லை. கொண்டைக்கடலையும் உப்புமீனும் போட்டுக் குழம்பு வைத்தேன். இரண்டு தட்டில்.

மார்ச் 24, செவ்வாய்

மீன் வாங்கப் போனேன். ஜசிந்தா நெத்திலியைத் தராசில் வைக்காமல் வீசி எறிந்தாள்.

"ஜன்னலை மூடிக்கணுமாம் உர்சுலாக்கா. சபைத் தலைவர் வந்தாரு. ஒரு பெரிய தொடையைத் தூக்கிட்டு வந்தாரு, லஞ்சம்! தவக்காலத்துல எனக்குக் கறி குடுக்கறாரு, கேட்டீங்களா?"

"வாங்கிட்டியா?"

"வாங்காம? ஈஸ்டருக்கு ஆகும்ல. ஆனா மூடுறேன்னு சொல்லல." கத்தியைத் துடைத்தாள். "முப்பத்தோரு வருஷம் நான் பாடியிருக்கேன். உங்க தங்கச்சி மாட்ரிட்ல மினுக்கிட்டு இருந்தப்ப மாதாவுக்கு யார் பாடினா? என் தொண்டை மீன்வாடை அடிக்குதுன்னு டிவிக்கு வேணாமாம்."

ஜசிந்தாவும் திக்காவும் சிறுவயதில் ஒரே நாளில் முதல் நன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கியவர்கள். கன்னியர் மடப்பள்ளியில் ஒரே பெஞ்சு. இருவருக்கும் நல்ல குரல். ஒருத்திக்கு ரயிலுக்குக் காசு இருந்தது, மற்றவளுக்குத் தகப்பன் படகோடு கடலில் மூழ்கிப்போனான். வேறு வேற்றுமை எனக்குத் தெரிந்து ஏதுமில்லை.

"ஜன்னல் யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னோடது."

"வாடகை பல்தோமெரோவா குடுக்கறாரு?"

 அவள் நெத்திலியின் மேல் இன்னொரு கை அள்ளிப் போட்டாள்.

தங்கைக்குத் துரோகமா இது? தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன்: ஜன்னல் அவளுடையதுதான்.

ஏப்ரல் 3, வெள்ளி

மாதாவுக்கு உடை மாற்றும் நாள். கோவில் கதவைத் தாழிட்டுப் பெண்கள் நால்வர் மட்டும் உள்ளே. ஆண் எவனும், பங்குத்தந்தை உட்பட, கிட்டே வரக்கூடாது. நாங்கள் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்வதால் இந்த ஊரில் பெண்கள் ஒருங்கே அமைதியாக இருக்கும் நேரம் அது ஒன்றுதான்.

கழுத்துவரை அழகான முகம்; கைகள் இரண்டும் உயிருள்ளவை போல. நடுவே வெறும் மரச்சட்டம். அறுபது ஆண்டுகளாக அறிவேன், ஒருபோதும் உறுத்தியதில்லை. இன்று உறுத்தியது. திக்கா வாயில் விழட்டும் இடி!

இந்த ஆண்டு அவள் 1971இல் கொடுத்த மேலாடையைத்தான் போர்த்த வேண்டுமாம், தொலைக்காட்சிக்காக. கருப்புப் பட்டில் தங்க இழை, அதோடு யாரும் கேளாமல் தைத்த கண்ணாடி மணிகள். விளக்கு பட்டால் வியாகுல மாதா இரவு விடுதிக்கு வந்தவள்போல் மின்னுவாள்.

இடுப்பில் கடைசி ஊசியைக் குத்தும்போது மனத்துக்குள் சொன்னேன்: அம்மா, நான் அவளைத் தடுக்க முயன்றேன். இனி நீயே பார்த்துக்கொள். மாதா எதுவும் சொல்லவில்லை. அவளும் வாயில் ஊசி வைத்திருப்பதுபோல்.

ஏப்ரல் 8, புதன்

பெர்மின் ஒலிநாடாவை எனக்குப் போட்டுக் காட்டினான். "கேட்டுப் பாருங்கம்மா, நீங்களே அழுதுடுவீங்க." 1974இல் இசைத்தட்டுக்காகப் பாடியது.

அழத்தான் செய்தேன், முதல் இரண்டு வரிகளுக்கு.

கண்ணீர் துடைக்கக் கைக்குட்டை வேண்டின்
விண்ணைக் கிழித்து விரைந்துநான் தருவேன்

அதன் பிறகு மூன்றாம் வரி. நிறுத்தச் சொன்னேன். மறுபடி போடச் சொன்னேன்.

அக்கரை ஆளும் தனிமைத் தாயே!

"தம்பி, இது யாருக்குப் பாடினது?"

"மாதாவுக்குத்தான்."

"எந்த மாதாவுக்கு?"

அவன் விழித்தான். "எல்லா மாதாவும் ஒருத்திதானேம்மா?"

இறையியல்படி அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் எங்களுடையவள் ஆற்றின் இக்கரை வியாகுல மாதா. அக்கரையில் இருப்பவள் தனிமை மாதா. இரு சபைக்காரர்களும் பாலத்தின் நடுவில் வணக்கம் சொல்லிக்கொள்வதுகூட வாரத்தில் குறிப்பிட்ட நாள்களில்தான். எங்கள் சப்பரத்தின் எதிரில் நின்று அக்கரைத் தாயை அழைப்பது, கலியாணப் பந்தலில் மணமகளைப் பார்த்து, மாப்பிள்ளையின் பழைய காதலி பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதற்கு ஒப்பு. கல் விழும். பெர்மினின் எண்ணெய்த் தலையில் விழுந்தால் எனக்கு வருத்தமில்லை. என் ஓட்டுக்கூரையில் விழும்.

திக்காவைக் கூப்பிட்டேன். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ. அக்கரைக்காரன் ஒருத்தன் எழுதின பாட்டு அது. மறந்தே போச்சு."

"பிரச்சினை இல்லை" என்றான் பெர்மின். "ரெண்டு வரியோட நிறுத்திடலாம். அழுகை வந்துடுச்சுன்னு முகத்தை மூடிக்குங்க. நான் பேண்டுக்குக் கைகாட்டறேன், வாசிச்சிடுவாங்க. சப்பரம் போயிடும்."

"பாதிப் பாட்டா?" என்றேன்.

"டிவிக்கு அது போதும்மா."

திக்கா என்னைப் பார்க்கவில்லை. "ரெண்டு வரிதானேக்கா" என்றாள். சிறுமியாய் இருந்தபோது மிட்டாய்க்கு அப்படித்தான் கேட்பாள்.

ஏப்ரல் 9, பெரிய வியாழன்

இறைவாக்கினர் ஒருவரிடம் கழுதை பேசியதுண்டு. செடியும் பேசியிருக்கிறது, தீப்பற்றி எரிந்துகொண்டே. ஆனால் அதற்குள் இருந்த கடவுள் ஒலிநாடா போட்டதாகத் திருமறையில் எங்கும் இல்லை.

ஏப்ரல் 11, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்றும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். சிரிப்பாலா வேறெதனாலா என்று சொல்லத் தெரியவில்லை.

நான் பால்கனியில் நிற்க மறுத்துவிட்டேன். கருப்பு முக்காட்டோடு சப்பரத்தின் பின்னால் நடந்தேன். மாதாவுக்கு உடுத்தும் தோழியாக அது என் இடம். எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அந்தி. இரு பக்கச் சுவரும் தொடுமளவு குறுகிய தெரு. மெழுகுவர்த்தி உருகும் மணம். மேலே என் வீட்டில் விளக்குகள், காமிராக்கள், நடுவே கருப்பு உடையில் திக்கா. ஜெரேனியங்கள் வழக்கத்தைவிடச் செழிப்பாக இருந்தன. எதிரே ஜசிந்தாவின் ஜன்னல், திறந்து.

சப்பர மூப்பன் கஸ்தோதியோ, எங்கள் முடிதிருத்துபவர், சுத்தியலால் தட்டினார். துணி மறைப்புக்குள்ளே தூக்கிவந்தவர்கள் சப்பரத்தை இறக்கினார்கள். பேண்டு நின்றது. தெரு முழுக்க மூச்சடங்கியது.

எழுந்தது குரல். 1974இன் குரல். கண்ணீர் துடைக்கக் கைக்குட்டை வேண்டின்... என் பக்கத்தில் ஒருவன் தொப்பியைக் கழற்றினான். ஒருத்தி விம்மினாள். விண்ணைக் கிழித்து விரைந்துநான் தருவேன்... பிறகு நின்றது. திக்கா முகத்தை மூடிக்கொண்டாள்.

பெர்மின் பேண்டுக்குக் கைகாட்டினான். யாரும் ஊதவில்லை.

அவன் மறுபடி காட்டினான். பேண்டு தலைவர் மூப்பனைப் பார்த்தார். மூப்பன் சுத்தியலோடு மேலே பார்த்தார். பாடல் முடியாமல் சப்பரம் எழாது. சப்பரம் எழாமல் பேண்டு ஊதாது. வடக்கத்தியானுக்கு இதை யார் சொல்லியிருப்பார்கள்? நமக்குச் சொல்லித் தெரிந்ததா என்ன? இரண்டு வரியில் முடிகிற பாட்டு எங்கள் ஊரில் கிடையாது. எல்லோரும் மூன்றாம் வரிக்குக் காத்திருந்தோம். மாதாவும்.

 பெர்மின் பால்கனிக் கதவருகே கைகளை ஆட்டிக்கொண்டிருந்தான், கரையில் நின்று கப்பலை விரட்டுபவன்போல்.

அப்போது எதிர் ஜன்னலிலிருந்து ஜசிந்தா பாடினாள்.

தொட்டியில் வளர்ந்த செடியெலாம் பாடத்
தொண்டை இருந்தும் ஊமையாய் நின்றேன்;
மீன்மணம் வீசும் வாய்தான் அம்மா,
நான்தான் ஆயினும் அதனுள் இருப்பேன்!

பெருந்தெரு என்றால் தெரிந்திராது. இங்கே ஜசிந்தாவின் ஜன்னலுக்கும் எங்கள் பால்கனிக்கும் நடுவே ஒரு துடைப்பத்தின் நீளம். சத்தம் எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

தெரு முழுவதும் ஜெரேனியத்தைப் பார்த்தது.

திக்கா கைகளை முகத்திலிருந்து எடுத்தாள். அவள் முகத்தை நான் கீழிருந்து பார்த்தேன். வெட்கமில்லை அதில். கோபம். இழுத்துக் கட்டிய அந்த முகத்தில் இவ்வளவு கோபத்துக்கு இடமிருக்குமென்று நான் நினைக்கவில்லை. கம்பியைப் பற்றிக்கொண்டு வாயைத் திறந்தாள். வந்தது கதவு கீல்தான். துருப்பிடித்த, பெரிய, கோவில் கதவின் கீல்.

தங்கமும் பட்டும் தந்தவள் நானே,
தந்ததைச் சொல்லித் தருக்கினேன் தாயே;
இரவல் குரலால் உன்னை அழைத்தேன்,
இந்தா என்குரல், உடைந்தது இதுவே!

மூன்றாம் வரியில் குரல் இரண்டாகப் பிளந்தது. அவள் நிறுத்தவில்லை. பிளந்ததில் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினாள். நான் அழுதேன் என்று எழுதுவதில் எனக்குத் தயக்கமில்லை, முக்காடு இருந்தது.

அத்தோடு முடிந்திருந்தால் புனிதமாக இருந்திருக்கும். ஜசிந்தா விடுவாளா? திரும்பப் பாடினாள். திக்காவும் திரும்பப் பாடினாள். தாயின் தலைக்கு மேலே இருவரும் மாறி மாறி, தாயே தாயே என்று தொடங்கி, வரிக்கு வரி ஒருத்தியை ஒருத்தி குத்திக்கொண்டு! நாலாவது சுற்றில் ஜசிந்தா, "அன்றொரு நாளில் உன் திருமுன் அம்மா, ஒன்றாய் நன்மை உண்டோம் இருவரும்" என்று ஆரம்பித்து, அது எந்த ஆண்டு என்பதையும் பாட்டிலேயே வைத்தாள். நேரடி ஒளிபரப்பில்! பத்திரிகைகளில் குறைத்திருந்த ஒன்பது வயதும் ஒரே மூச்சில் ஏறியது திக்காவுக்கு. தெரு "ஹா" என்றது.

சப்பரத் துணிக்குள்ளிருந்து ஒரு குரல்: "அம்மாமாருங்களா, உள்ள புழுங்கிச் சாகறோம்!"

"செத்த சும்மா இருடா, இது நல்லாயிருக்கு!" என்றது உள்ளிருந்தே இன்னொரு குரல்.

தொலைக்காட்சிக்காரர்கள் அடுத்த ஊர் ஊர்வலத்துக்குப் போக வேண்டியவர்கள்; போகவில்லை. பல்தோமெரோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். முடிவில் இருவருக்கும் மூச்சு தீர்ந்தது. ஜசிந்தா ஜன்னல் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, பாடாமல், வெறும் பேச்சாகச் சொன்னாள்:

"இப்பதான்டீ நீ பாடியிருக்கே, திக்கா."

"வாயை மூடுடீ, நெத்திலி" என்றாள் என் தங்கை. ஸ்பெயின் பூராவும் கேட்டது.

மூப்பன் தட்டினார். சப்பரம் எழுந்தது.

பக்தியால் பாட முடியாதவள், அன்பால் பாட முடியாதவள், ரோஷத்தால் பாடிவிட்டாள். இதை எந்தப் புண்ணியத்தில் சேர்ப்பது? மாதா போகிறபோது கண்ணாடி மணிகளெல்லாம் குலுங்கின. எனக்கென்னவோ சிரிப்பதுபோல் இருந்தது. வியாகுலத்தின் நடுவே சிரிக்கக்கூடாது என்று அவளுக்குச் சட்டம் போட்டவர் யார்?

ஏப்ரல் 12, உயிர்ப்பு ஞாயிறு

அல்லேலூயா. பத்திரிகைகளில் ஒன்று "பேருணர்ச்சி" என்கிறது, மற்றொன்று "ஏமாற்று" என்கிறது. திக்கா இரண்டையும் படித்துவிட்டு, "ரெண்டுமே சரிதான்" என்று சொல்லி, ஜசிந்தா அனுப்பிய பன்றித்தொடையை வெட்டித் தின்றாள். பல்தோமெரோ கொடுத்த அதே தொடை.

ஏப்ரல் 21, செவ்வாய்

பெர்மின் போய்விட்டான். மெக்ஸிகோக்காரர்கள் பின்வாங்கிவிட்டார்கள். அவன் மூன்று நாள் தொலைபேசியில் கெஞ்சினான், பிறகு திக்காவிடம் கெஞ்சினான்: தொண்டை நோய் என்று அறிக்கை விடலாம், இரக்கம் கிடைக்கும், அடுத்த ஆண்டு புது டேப்.

"வேணாம் பெர்மின். டேப்ல இருக்கறவளுக்கு வயசு நாப்பத்துநாலு. அவகூட நின்னு நின்னு எனக்குக் கால் வலிக்குது."

வாசல்வரை போய் அவனுக்குக் கை கொடுத்தாள். உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு நெடுநேரம் அழுதாள். நான் தட்டவில்லை. ஐம்பது ஆண்டுகள், அழத்தான் வேண்டும்.

ஜூன் 14, ஞாயிறு

மாட்ரிட் வீட்டை விற்கச் சொல்லிவிட்டாள். இன்னும் பெட்டிகள் வருகின்றன.

நவம்பர் 17, செவ்வாய்

மூட்டுவலி. மழை. வீட்டில் சத்தம் தாங்கவில்லை. வாரம் மூன்று நாள் மாலையில் ஜசிந்தா ஏறி வருகிறாள். சமையலறையில் சோம்பு மது ஊற்றிக்கொண்டு இருவரும் பாடுவதும் திட்டிக்கொள்வதுமாக. எது பாட்டு, எது திட்டு என்று அக்கம்பக்கத்தாருக்கு விளங்கவில்லை. பங்குத்தந்தை நேற்று நாசூக்காகக் கேட்டார். தயாரிப்பு, சாமி, என்றேன். பெரிய வெள்ளிக்கா, இப்போதேவா என்றார். ஆமாம் என்றேன், அக்கரையிலிருந்துகூட ஆட்கள் பார்க்க வரப்போகிறார்களாம். தனிமை மாதாவை விட்டுவிட்டு!

இன்று காலை திக்கா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அக்கா, நீ யாப்பெல்லாம் படிச்சவ. எனக்கு நாலு வரி எழுதிக் குடேன். வெளியில பாத்தா ஜெபம் மாதிரி இருக்கணும். உள்ள அவளுக்குச் சுருக்குனு தைக்கணும்."

"ஜெபத்துல ஊசி வைக்கறதா? வெட்கமா இல்ல?"

"நீ மாதாவுக்கு உடுத்தறப்ப வைக்கல?"

எழுதிக் கொடுத்தேன். நெத்திலியைப் பற்றி நாலு வரி.

மதியம் திக்கா உறங்கும்போது கொல்லைக் கதவு தட்டப்பட்டது. ஜசிந்தா. சால்வைக்குள் ஒரு பெரிய கடல்மீன், செய்தித்தாளில் சுற்றி.

"உர்சுலாக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க..."

அவளுக்கும் எழுதிக் கொடுத்தேன், திக்காவின் வயதைப் பற்றி. இரண்டையும் அருகருகே வைத்து அசை பிரித்துப் பார்த்ததில், ஜசிந்தாவுடையது கொஞ்சம் நன்றாக வந்துவிட்டது. மீனைப் பார்த்துக்கொண்டே எழுதியதால் இருக்கலாம். மாதா மன்னிப்பாளாக, தங்கைக்குத் தெரியவேண்டியதில்லை.